கோபுரமாக அடுக்கிய பெயர்கள்

எங்கள் அத்தாவுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. கல்யாணம் மட்டுமில்லை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், மஞ்சள் நீராட்டு, எதுவாக இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் "பாய் கடையில குடுத்துடு" என்றுதான் சொல்வார்கள். எந்த வீட்டில் எந்த மருமகன் மூத்தவர், எந்தச் சித்தப்பா பேச்சுவார்த்தையில் இல்லை, யார் பெயருக்கு முன்னால் புதிதாக 'தெய்வத்திரு' சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலையில் பிஸ்மில்லா சொல்லிக் கம்ப்யூட்டரைப் போடுவார். அடுத்த நிமிடம் 'ஸ்ரீ வரதராஜப் பெருமாள் துணை' என்று டைப் அடித்துக்கொண்டிருப்பார்.

சென்னையில் டிசைன் படிக்கச் சேர்ந்த பிறகு எனக்கு அந்தக் கடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். காரணம், அத்தா எழுத்துகளைப் படுத்திய பாடு. ஒரு பெயர் வரிக்குள் அடங்காவிட்டால் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்குவார். குட்டையாக இருந்தால் இழுப்பார். 'ண'வின் சுழிகள் நசுங்கிப் போய்க் கிடக்கும். "இப்படி இழுக்கிறது பாவம் அத்தா" என்று சொல்லிப் பார்த்தேன். "பேரு விட்டுப்போனாதான்மா பாவம்" என்றார்.

கல்லூரியில் எங்களுக்கு எழுத்துக்கலை எடுத்த ஆசிரியை வேறு கட்சி. முதல் மாதம் முழுக்க 'அ' மட்டும் எழுதவைத்தார். தட்டை நிப்புப் பேனா, கறுப்பு மை, பக்கம் பக்கமாக 'அ'. கை வலிக்கிறது என்றால், "இன்னும் வலிக்கலை, நாளைக்கு வலிக்கும்" என்பார். அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: எழுத்தைப் படிக்காதே, பார். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் சொற்கள் மறைந்து கறுப்புத் திட்டுகள் மட்டும் தெரியும், அந்தத் திட்டுகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் நம் வேலை. எனக்கு அது சீக்கிரமே கைவந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்துக் கண்ணை இடுக்குவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "கண்ணுல தூசியாமா, ஊதட்டுமா?" என்று கேட்டதும் உண்டு.

இரண்டாம் ஆண்டில் இன்னொரு வித்தையும் கற்க வேண்டியதாயிற்று. அதன் பெயர் நெட்வொர்க்கிங். ஸ்டூடியோ நடத்துபவர்கள், தனியாக வேலை செய்பவர்கள், எங்களைப் போன்ற மாணவர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை மாலை ஏதாவது ஒரு காபிக் கடையின் மாடியில் கூடி, நெஞ்சில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டுமாம். முதல் தடவை போனபோது நான் நன்றாகத் தெரிந்துகொண்டது சமோசா வைத்திருந்த மேசையைத்தான். அத்தா அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டு ஒரு கட்டு கொண்டுபோனேன், முழுக் கட்டும் அப்படியே திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை கொஞ்சம் வாய் திறந்தேன். "காஞ்சிபுரம்" என்றதும் எல்லோருக்கும் முகம் மலரும். "ஓ, சில்க்! வீட்ல தறி இருக்கா?" என்பார்கள். "இல்லை, எங்க அத்தா வெடிங் கார்டு ஷாப் வெச்சிருக்கார்" என்பேன். "நைஸ்" என்பார்கள். அதைச் சொல்லும்போதே அவர்கள் கண் என் தோளைத் தாண்டி அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும், ஊரில் தறியில்லாத வீட்டில் பிறந்தது என் குற்றமா என்று எரிச்சலாக வந்தது.

என் முகம் தொங்கிப் போயிருப்பதைப் பார்த்து ஒரு சீனியர் அக்கா யோசனை சொன்னாள். "எல்லாரும் ஈவென்ட்டுக்குப் போனப்புறம் பேச ஆரம்பிக்கிறாங்க. அதுவே லேட். நீ உள்ள நுழையறதுக்கு முன்னாடியே அவங்க உன் ஒர்க்கைப் பாத்திருக்கணும். ரெண்டு நாள் முன்னாடி இன்ஸ்டாவுல போடு. ஸ்டூடியோக்களை எல்லாம் டேக் பண்ணு. அப்புறம் பாரு, அவங்களே உன்னைத் தேடிக்கினு வருவாங்க." நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் பள்ளித் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நாங்கள் எட்டாவது படிக்கும்போது அவள் அப்பா தவறிப்போனார். அதற்குப் பிறகு அவளுடைய ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டது, ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாமே அவள் பெரியப்பா. ஊரை ஒட்டிய ஓரிக்கையில் அவருக்கு வீடு. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது டியூட்டி முடிந்து தோல் பையோடு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, "எல்லாம் சாப்ட்டாச்சா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். நானும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். தோழியைக் கன்னிகாதானம் செய்து கொடுக்கப்போகிறவர் அவரும் பெரியம்மாவும்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பத்திரிகையை நான்தான் செய்வேன் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். அத்தாவிடம், "நீங்க இதுல கை வெக்கவே கூடாது. ஒரு எழுத்தை இழுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன். பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று சொந்தக்காரர்கள் பெயர்கள் வருமே, அந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். பெயர்கள் நீளமும் குட்டையுமான கறுப்புப் பட்டைகளாகத் தெரிந்தன. குட்டையானதை மேலே வைத்து, நீளமானதைக் கீழே வைத்துக்கொண்டே போனால் அது கோபுரம் அல்லவா!

தோழியின் தம்பிக்கு இரண்டே எழுத்தில் பெயர். அது கலசமாக உச்சியில் நின்றது. அத்தை, சித்தப்பா, தாய்மாமன்கள் எல்லாம் நிலை நிலையாக இறங்கினார்கள். பெரியப்பாவின் பெயர்தான் இருப்பதிலேயே நீளம். இரண்டு இனிஷியல், பெயர், பக்கத்தில் 'நடத்துநர் (ஓய்வு), ஓரிக்கை', அதோடு பெரியம்மாவின் பெயர். அது அடித்தளமாக அகலமாக உட்கார்ந்தது. எந்த எழுத்தையும் இழுக்காமல், அமுக்காமல் ஒரு ராஜகோபுரம் எழுந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மாதிரியைப் பார்த்த தோழியின் அம்மா தேதி, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் மூன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குதும்மா" என்றார். அத்தா தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்திரிகை அச்சாகி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, வீட்டுக்கு மூத்தவர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பெருமாள் பாதத்தில் வைத்து வாங்கி வந்த பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் பத்திரிகை கிளம்பும். வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா வருவதாக ஏற்பாடு. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை சென்னையில் ஒரு நெட்வொர்க்கிங் ஈவென்ட் இருந்தது. ரெண்டு நாள் முன்னாடி என்று சீனியர் அக்கா சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை மாலை கோபுரத்தை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து இன்ஸ்டாவில் போட்டேன். ஸ்டூடியோக்களை எல்லாம் வரிசையாக டேக் செய்தேன்.

சனிக்கிழமை நான் அந்த மாடிக்குள் நுழைந்து ஸ்டிக்கரில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அருகில் வந்தார். நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோவை நடத்துபவர். அவரிடம் பேசுவதற்காக அரை நிமிடப் பேச்சு ஒன்றைக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன், அது தேவையே படவில்லை.

"அந்தக் கோபுரம் கார்டு நீதானா?" என்றார். "ஒரு பேரைக்கூட நான் படிக்கலை. ஆனா அந்த ஷேப் அப்படியே மனசுல நிக்குது. தமிழ் லெட்டரிங் பத்தி எங்க பேஜ்ல ஒரு சீரிஸ் ஆரம்பிக்கிறோம். அதுல இதுதான் ஃபர்ஸ்ட். திங்கக்கிழமைக்குள்ள ஃபைல் அனுப்பு. சம்மர்ல எங்ககிட்டயே இன்டர்ன்ஷிப்புக்கு வந்துடு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அசடு வழிந்திருப்பேன். அவர் நகர்ந்ததும் என் கைபேசி அடித்தது. தோழி. சந்தோஷச் செய்தியை முதலில் அவளிடமே சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பெரியப்பா நேத்து கோயிலுக்கு வரலைடி. போனும் எடுக்கல. வேற வழியில்லாம நாங்களே பத்திரிகையை வெச்சிட்டு வந்தோம். இன்னிக்கு அம்மா தட்டு எடுத்துக்கினு ஓரிக்கைக்கே போச்சு. அவரு பத்திரிகையைக் கையில வாங்கவே இல்ல. 'பாத்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள பூட்டாராம்."

"ஏன்?"

"ஏனா? அவரு பேரைக் கொண்டுபோய்க் கடைசியில போட்டிருக்கியே! தம்பிப் பொடியன் பேரு மேல, அவரு பேரு எல்லாருக்கும் கீழ. எங்க சொந்தத்துல எல்லாரும் அதான் சொல்றாங்க. அவரு வரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன், ஆமா."

சமோசா மேசை பக்கத்தில் நின்றுகொண்டு கைபேசியில் என் கோபுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தடவையாக அதைப் படித்தேன். அவள் சொன்னது சரி. பெரியப்பாவுக்கு மேலே பதினோரு வரி இருந்தது. நெஞ்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து வருவதற்குள் அத்தா பெயர்களை முறைப்படி வரிசை மாற்றி, கலர் பிரிண்டரில் ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போய்த் திரும்பியும் இருந்தார்.

"தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்" என்றார். "கடைக்காரன் நான்தானே, நான்தான் பாத்திருக்கணும்."

"அவர் என்ன சொன்னார்?"

"டீ குடுத்தாரு. கார்டை வாங்கல."

அத்தா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. சத்தியம் வாங்கிக் கையைக் கட்டிப் போட்டது நான், போய்த் தலைகுனிந்து நின்றது அவர். கடை வண்டியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். வா என்று தலையை ஆட்டினார். வழியெல்லாம் நான் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். நெட்வொர்க்கிங் கற்றுக்கொடுத்த அரை நிமிடப் பேச்சு.

"பெரியப்பா, கோபுரத்துல கீழ் நிலைதான் மொத்த பாரத்தையும் தாங்குது. உங்க குடும்பத்துல நீங்கதான் அப்படி. அதனாலதான் உங்க பேரை அங்க..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பேரு நீளமா இருந்துச்சு, கீழ போட்ட. அவ்ளோதானே? எந்த ஆளை எந்த சீட்டுல உக்கார வெச்சா கூட்டம் அடங்கும்னு பாத்துக்கினே காலம் தள்ளினவன்மா நான். என்கிட்டயேவா?"

காது மடல் சூடாகிவிட்டது. "ஆமா பெரியப்பா" என்றேன். "நான் பேரைப் படிக்கவே இல்ல. நீளத்தைத்தான் பாத்தேன்."

"அதுக்கு நான் கோச்சிக்கல."

"அப்புறம்?"

அவர் ஒரு காயை நார் உரித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையில நின்னுக்கினு இருக்கேன். என்கூட வண்டி ஓட்டின டிரைவர் வரான். அவன் பையன் அனுப்பினானாம், போனை நீட்டறான். 'இன்னாபா, உன் தம்பி பொண்ணு கல்யாணப் பத்திரிகை இவ்ளோ அழகா இருக்குது, எங்களுக்கெல்லாம் இல்லையா?'ன்றான். நான் இன்னும் பாக்கலமா. வெள்ளிக்கிழமைக்குன்னு வேட்டியை இஸ்திரி போட்டு மடிச்சி வெச்சிருக்கேன். எனக்கு முன்ன ஊரே பாத்துட்டுது. அவன்கிட்ட இன்னா சொல்றது? 'ஆமாபா, நான்தான் செலக்ட் பண்ணேன்'னு பொய் சொல்லிட்டு வந்தேன்."

எல்லோரும் வரிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் 'பாத்துட்டேன்' என்றதை ஒருவர்கூடச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என் தம்பி இருந்திருந்தா அவன் கையில தானே முதல்ல குடுத்திருப்பீங்க?" என்றார்.

"இப்பவே அழிச்சிடறேன் பெரியப்பா" என்று கைபேசியை எடுத்தேன்.

"அழிச்சிட்டா? பாத்தவன் கண்ணுலேந்து எப்படி அழிப்ப?"

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்தார், குடித்தேன். கல்யாணத்துக்கு வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திப் படத்தை அழித்தேன். நேராகத் தோழி வீட்டுக்குப் போய், தப்பு பத்திரிகையில் இல்லை, என் கையில் என்று சொன்னேன். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவள் அம்மா மட்டும், "அவரு வாங்கிக்கிறாப்பல எதுனா பண்ணும்மா" என்றார்.

அவர் பார்த்துவிட்ட பத்திரிகையைப் பார்க்காததாக ஆக்க முடியாது. யாருமே பார்க்காத இன்னொன்றைச் செய்யலாம், அது என்னால் முடியும் என்று தோன்றியது. திங்கட்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டேன். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, தட்டை நிப்புப் பேனாவை எடுத்து, கெட்டி அட்டை ஒன்றில் முழுப் பத்திரிகையையும் கையால் எழுத ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை கண்ணை இடுக்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டு எழுதினேன். அத்தைக்கு எழுதும்போது அத்தை முகம் வந்தது, தாய்மாமனுக்கு எழுதும்போது அவருடைய மூக்குப்பொடி வாசனை வந்தது. தோழியின் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று எழுத வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மழை நாட்களில் எங்கள் இருவரையும் சைக்கிளில் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று ஏற்றிக்கொண்டு பள்ளியில் விட்டவர். கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை நான் ஏற்கெனவே டைப் அடித்திருந்தேன். அப்போது எனக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

பெரியப்பாவின் பெயரை முதலில் எழுதினேன். மேலே கனத்து, கீழே இளைத்து, கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் ஒரு வடிவம் வந்தது. என் ஆசிரியை பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பார். அத்தா தாள் எடுக்க உள்ளே வரும்போதெல்லாம் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "நான் பாக்கல, நான் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே சுவரில் இடித்துக்கொண்டு போனார்.

மை காய்ந்ததும் ஒரு மஞ்சள் துணியில் சுற்றினேன். மாலை தோழி, அவள் அம்மா, நான், மூன்று பேரும் தட்டோடு ஓரிக்கைக்குப் போனோம். பெரியப்பா துணியைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"யாரெல்லாம் பாத்தீங்க?"

"நாங்க யாரும் பாக்கல" என்றாள் தோழி.

"நீ?" என்று என்னைக் கேட்டார்.

"நான் எழுதினேன் பெரியப்பா."

"அது பரவால்ல" என்றார்.

உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மாவைப் பக்கத்தில் நிற்கவைத்துத் தட்டை இருவருமாக வாங்கிக்கொண்டார்கள். துணியைப் பிரித்து மேலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். பஸ் நிறுத்தங்களைக் கூவிப் பழகிய குரல், தெருவுக்கே கேட்டது. தன் தம்பியின் பெயர் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார், விட்ட இடத்திலிருந்து படித்தார். தோழி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு என்னிடம், "அந்தக் கோபுரம் எங்க?" என்றார்.

"வேணாம்னு மாத்திட்டேன் பெரியப்பா. புதுசா வரிசைப்படி அடிச்சிடலாம்."

"ஏன்? அது நல்லாதானே இருந்துச்சு?"

"உங்க பேரு கீழ வருதே."

"வண்டியில கடைசியா இறங்குறவன் கண்டக்டர்தாம்மா. எல்லாரும் இறங்கிட்டாங்களான்னு பாத்துட்டு இறங்கணும். நான் கீழயே இருந்துக்கிறேன். அதையே எல்லாருக்கும் குடுங்க. இது என்கிட்ட இருக்கட்டும், காலையில நான் பெருமாள்கிட்ட எடுத்துக்கினு போறேன்." பிறகு விரலை நீட்டினார். "ஒண்ணு மட்டும். கல்யாணம் முடியிற வரைக்கும் அது அந்த போன்ல வரக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்க போய்க் குடுக்கிறோம். நம்ம கையால வாங்கிப் பாக்கட்டும்."

"சரி பெரியப்பா" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அன்றைக்குத் திங்கட்கிழமை, ஃபைல் அனுப்ப வேண்டிய கடைசி நாள் என்பது மண்டையில் உறைத்தது.

ஸ்டூடியோக்காரருக்கு எழுதினேன். கல்யாணம் முடியும்வரை அந்தப் பத்திரிகையை எங்கும் காட்ட முடியாது, ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். மறுநாள் மிக மரியாதையாகப் பதில் வந்தது. புரிகிறது, வாழ்த்துகள், மீண்டும் சந்திப்போம். அவர்களுடைய அந்த சீரிஸில் முதலாவதாக என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய எழுத்து வந்தது. கோடைக்கால இன்டர்ன்ஷிப் இடமும் அவனுக்கே கிடைத்தது. பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பெரியப்பா மேல் கோபம், சீனியர் அக்கா மேல் கோபம், அவனுடைய எழுத்து நன்றாக வேறு இருந்ததே என்று அதன் மேலும் கோபம்.

அதற்குப் பிறகும் அந்த மாடிக் கூட்டங்களுக்குப் போகிறேன். இப்போது ஒருவர் கார்டு கொடுத்தால் முதலில் பெயரைப் படிக்கிறேன், சத்தமாக. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் தங்கள் பெயரின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள், அப்புறம் அவர்களிடமிருந்து கழன்றுகொள்வதுதான் பெரும்பாடு.

கல்யாணத்தன்று பெரியப்பா அதே வேட்டியைக் கட்டியிருந்தார். தோழியின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். பெரியம்மா நீர் வார்த்தார். தோழி மணையிலிருந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். நானும் அத்தாவும் அருகருகே நின்று அட்சதை போட்டோம்.

பெரியப்பா அன்று பந்தி பந்தியாக நடந்து, "சாப்ட்டாச்சா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடுதான் உட்கார்ந்தார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். பாயசம் வந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"எல்லா வீட்டுக்கும் குடுத்தாச்சு. கல்யாணமும் முடிஞ்சிடுச்சு. இப்ப போடும்மா, அந்த போன்ல."

"சரி பெரியப்பா."

"மெட்ராஸ்ல யாரோ பெரிய ஆளு அதைக் கேட்டாங்களாமே? நம்ம பொண்ணுதான் சொன்னா. அவங்களும் பாப்பாங்க இல்ல?"

"பாப்பாங்க பெரியப்பா" என்றேன். அந்த இடம் எப்போதோ போய்விட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

இடது கையால் கைபேசியை எடுத்து, படத்தை ஏற்றி, அவர் பக்கம் காட்டினேன். தன் வரி எங்கே என்று தேடி, அடியில் அகலமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எதை அழுத்தணும்?"

"இதை."

இடது கையை நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். "இரு. கை கழுவிட்டு வரேன். நல்ல காரியத்துக்கு இடது கையா?" என்றார். பாயசத்தை நிதானமாக முடித்து, மோர் சாதம் வாங்கிச் சாப்பிட்டு, இலையை மடித்து எழுந்து போனார். படம் திரையில் அப்படியே காத்திருந்தது. அது அணைந்துவிடாமல் நான் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

ஈரக் கையை இஸ்திரி வேட்டியில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். குனிந்து, வலது கை ஆட்காட்டி விரலால் அழுத்தினார். படம் போனதும், வாய் தானாகச் சொல்லிவிட்டது போல மெதுவாகச் சொன்னார்: "போலாம், ரைட்."